வாயில் வைத்த வெள்ளை

அன்று விடியற்காலையில் கொளஞ்சியம்மாள் வாயைத் திறக்கவில்லை.

முப்பது அடி தூரத்தில் அவள் தம்பி பாலகுரு முழங்கால் தண்ணீரில் நின்று ஃபைபர் படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். படகின் முன்பக்கத்தில் பக்கிரி கிழக்கே பார்த்துக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். அவருடைய மருமகன் இன்ஜினுக்குக் கயிறு சுற்றினான். மூன்று பேரும் கரைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அடுக்கி வைத்த கட்டுமரக் கட்டைகளுக்குப் பின்னால் கொளஞ்சி குந்தியிருந்தாள். ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு இரைத்தது.

"கூப்பிடுக்கா. போயிடப் போறாங்க," என்றாள் கூட வந்த ஜெயா.

"சும்மா இரு."

"சொல்றதுக்குத்தானே இம்மாந்தூரம் ஓடியாந்தே? நீ கூப்பிடலன்னா நான் கூப்பிடறேன்."

எழுந்தவளைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள் கொளஞ்சி. "பின்னால இருந்து கூப்பிடாதடி. உங்க ஊர்ல ஏர் ஓட்டப் போறவனக் கூப்பிடலாம். இங்க கூடாது."

இன்ஜின் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. படகு முகத்துவாரத்தின் அலையில் இரண்டு முறை எகிறி விழுந்து வெளியே போய்விட்டது.

"என்னா ஊரோ, என்னா சட்டமோ," என்று புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினாள் ஜெயா.

சொல்ல வந்த சேதி சின்னதுதான். சேட்டுவின் உப்பளத்துக்குத் தார்பாய் வந்துவிட்டது, இன்று காலையிலேயே உப்பைக் குவித்த அம்பாரத்தை மூடப் போகிறார்கள். அவ்வளவுதான். வேறு எந்த ஊரிலும் இந்தச் சேதிக்காக ஒருத்தி செருப்பில்லாமல் ஓடி வரமாட்டாள்.

கொளஞ்சியும் ஜெயாவும் மரக்காணத்து உப்பளத்தில் சேட்டுவின் பாத்திகளில் உப்பு வாருகிறவர்கள். ஜெயா உள்நாட்டுக்காரி, உழவு வீட்டுப் பெண். கொளஞ்சி முகத்துக்குப்பத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். சுனாமிக்கு முன்னால் கூடையோடு பஸ் ஏறி வானூர் வரைக்கும் போய் மீன் விற்றவள்தான். அலை வந்து போன பிறகு நாலைந்து மாதம் யாரும் மீனைத் தொடவில்லை. கடலில் பிணம் மிதந்தது, மீன் அதைத் தின்றது என்று பேசிக்கொண்டார்கள். பழகின வீட்டுப் பொம்பளைகளே கூடையைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். அப்போது உப்பளத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முதல் மாதம் உப்புத்தண்ணீரில் பாதம் வெடித்து ரத்தம் கசிந்தது. "மீனு நாத்தம் போயி உப்பு ஊறுது, கருவாடாவாம வுட மாட்டே போல," என்று ஜெயா கேலி செய்தாள். அந்தக் கேலியில்தான் இருவருக்கும் பழக்கமானது.

அலை குப்பத்து வீடுகளோடு முகத்துவாரத்தையும் கலைத்துப் போட்டுவிட்டிருந்தது. முன்பெல்லாம் கடலிலிருந்து திரும்புகிற படகு, தெற்குக் கரையில் நின்ற இரட்டைப் பனையைப் பார்த்து வந்தால் ஆழமான வழியில் உள்ளே நுழைந்துவிடும். பனை இரண்டும் வேரோடு போய்விட்டன. பனைக்கு நேராக இருந்த ஆழமும் மணல் அடித்து மேடாகிவிட்டது. புதிய வழி வடக்கே தள்ளி, ஒரு படகு அகலத்துக்கு மேல் கொஞ்சம்தான் இருந்தது. மேட்டில் தட்டினால் பின்னால் வருகிற அலை படகைக் கவிழ்த்துவிடும்.

அந்தப் புது வழிக்கு அடையாளம் கண்டுபிடித்தவர் பக்கிரி. வைகாசியில் ஒருநாள் திரும்பி வரும்போது, முகத்துவாரத்தின் இரண்டு கரைக்கும் நடுவில், உள்ளே தொலைவில், பளிச்சென்று ஒரு வெள்ளை தெரிந்தது. சேட்டுவின் உப்பு அம்பாரம். அதைக் கரைகளுக்கு நடுவில் வைத்தபடியே ஓட்டினார். படகு தட்டாமல் உள்ளே வந்துவிட்டது. குப்பத்தில் முகத்துவாரத்துக்கு வாய் என்றுதான் பெயர். "வெள்ளைய வாயில வெச்சிக்கோ, ஊட்டுக்கு வந்துடலாம்," என்று அவர் சொன்னது எல்லாப் படகுக்கும் பாடமாகிவிட்டது. கடலுக்குப் போகும் கணவனிடம் குப்பத்துப் பெண்கள் அதையே சோற்றைச் சொல்வதுபோலச் சொல்லிச் சிரித்துக்கொள்வதும் உண்டு.

மழைக்கு முன்னால் அம்பாரத்தை மூடத்தான் வேண்டும். எப்போதும் கீற்று வேய்ந்து மூடுவார்கள், அதற்கு மூன்று நாள் ஆகும். முதல் நாள் கால்வாசி வெள்ளை போகும், மறுநாள் பாதி. கடலில் இருப்பவனுக்கு அதைப் பார்த்தே தெரிந்துவிடும், அதற்குள் கரையில் கம்பு நட்டு வேறு அடையாளம் வைத்துக்கொள்ளலாம் என்று பக்கிரி சொல்லியிருந்தார். இந்த ஐப்பசியில் சேட்டு கீற்று வாங்கவில்லை. நிவாரணத்துக்கு வந்த நீலத் தார்பாய்கள் எங்கெங்கோ கை மாறி அவரிடம் வந்து சேர்ந்திருந்தன. தார்பாய்க்கு ஒரு மணி நேரம் போதும். காலையில் வெள்ளையைப் பார்த்துப் போகிறவன் மதியம் திரும்பினால் அது இருக்காது.

ஐந்து மணிக்கு ஜெயா வந்து சொன்னதும் கொளஞ்சி ஓடியது அதற்காகத்தான். ஓடிப்போய் ஊமையாக உட்கார்ந்துகொண்டதற்கும் ஒரு காரணம் இருந்தது.

போன வருஷம் மார்கழியில், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் கணவன் கண்ணாயிரம் பக்கிரியின் படகில் ஏறுவதற்காகக் கரையில் இறங்கிப் போனான். தண்ணீர் கேனை வாசலிலேயே விட்டுவிட்டான். அவள் பின்னாலேயே போய், "ஏய்யா, இங்க பாரு," என்று கூப்பிட்டாள். படகில் ஒரு காலை வைத்தவன் இறங்கித் திரும்பி வந்தான். கூப்பிட்டுவிட்டாளே, இனி சகுனம் சரியில்லை, நீ நில் என்று சொல்லிப் பக்கிரி மற்றவர்களோடு படகை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அரை மணி கழித்து அலை வந்தது. கடலுக்குள் இருந்த பக்கிரியின் படகுக்கு ஒன்றும் ஆகவில்லை, லேசாகத் தூக்கி இறக்கியதோடு சரி. கரையில் நின்ற கண்ணாயிரம் மூன்றாம் நாள் சவுக்குத் தோப்பில் கிடைத்தான்.

பதினாறாம் நாள் பந்தலில் உட்கார்ந்து பக்கிரி சொன்னார்: "கூப்பிடாம இருந்திருந்தா இருந்திருப்பான்." அவளைக் குத்த வேண்டும் என்று சொன்னதல்ல. அழுதுகொண்டே சொன்னார். ஆனால் சொன்னது சொன்னதுதான். அதற்குப் பிறகு படகு கிளம்பும் நேரத்தில் கொளஞ்சி குடிசையை விட்டு வெளியே வருவதில்லை.

அம்பாரத்தின் மேல் தார்பாயை இழுக்கும்போது மணி எட்டு. வெயில் சுள்ளென்று அடித்தது.

"அண்ணே, கடல் பக்கத்த மட்டும் மத்தியானம் வரைக்கும் தொறந்து வைக்கலாமா?" என்று சேட்டுவிடம் கேட்டாள்.

"எதுக்கு? கடலு வந்து அது உப்ப எண்ணிப் பாக்கணுமா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். சேட்டு தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "ஆறு மாசமா என் அம்பாரத்தப் பாத்து உங்க ஆளுங்க படகு ஓட்டறாங்களா? இந்தச் சேட்டுகிட்ட ஒரு வார்த்த சொன்னாங்களா?"

"யாருண்ணே இதெல்லாம் சொல்லிக்கிட்டிருப்பாங்க."

"சொல்லியிருந்தா நான் இன்னிக்கு ஆள் அனுப்பியிருப்பேன். இப்ப என்னா பண்றது? போன வருசத்து உப்பக் கடலு வாரிக்கிச்சு. பாத்தியெல்லாம் சேறு. அத அள்ளவே பங்குனி ஆயிடுச்சு. இந்த ஒரு அம்பாரந்தான் என் வருசம். இத வானத்துக்குக் குடுக்கச் சொல்றியா?" வானத்தை அண்ணாந்து பார்த்தார். "எப்படித் தெளிவா இருக்குது பாரு. உங்க ஆளுங்களுக்குக் கண்ணு இருக்குது, வந்துடுவாங்க. கட்டு, கட்டு."

கட்டினார்கள். நீலத் தார்பாயைக் கயிறு போட்டு இறுக்கி, ஓரத்தில் கல்லை ஏற்றினார்கள். ஜெயா ஒரு மூங்கிலில் வெள்ளை வேட்டித் துணியைக் கட்டி உச்சியில் செருகிப் பார்த்தாள். காற்று அதை மூங்கிலோடு சேர்த்துச் சுருட்டியது. பத்தடி தள்ளிப் போனால் கொக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பத்தரை மணிக்குள் குப்பத்துப் படகுகள் ஆறு திரும்பிவிட்டன. வெயில் இருந்தது, தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே வழி தெரிந்தது. பாலகுருவின் படகு ஏழாவது. அவர்கள் வலையைத் தூரமாகப் போட்டிருப்பார்கள்.

பதினொரு மணிக்குக் காற்று வாடைக்குத் திரும்பியது. வடகிழக்கில் கருப்பு கட்டியது. கடலும் வானமும் கரையும் ஒரே சாம்பல் நிறமாயின, அதில் நீலத் தார்பாயும் சேர்ந்து கரைந்துவிட்டது. வரப்பைக் கொத்திக்கொண்டிருந்த கொளஞ்சி மண்வெட்டியைப் போட்டுவிட்டு அம்பாரத்தின் மேல் ஏறினாள்.

"ஏ, தார்பாய் கிழியும்! எறங்கு!" என்று கத்தினார் சேட்டு.

அவள் இறங்கவில்லை. அங்கிருந்து முகத்துவாரம் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. அலை உடைகிற வரிசைக்கு அப்பால் ஒரு படகு நின்றது. முன்பக்கத்தில் ஒரு உருவம் எழுந்து நின்று, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியது. பக்கிரிதான். வேறு யாரும் அந்த ஆட்டத்தில் நிற்க முடியாது. அவர் தேடுவது எதையென்று அவளுக்குத் தெரியும். அதன் மேல்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

படகு மெதுவாகத் தெற்கே நகர்ந்தது. பழைய பனை இருந்த பக்கம்.

"அங்க போவாத," என்றாள் கொளஞ்சி, பக்கத்தில் நிற்பவனிடம் சொல்வதுபோல.

ஒரு அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கியது. மூன்று உருவமும் ஒரே பக்கமாகச் சரிந்தன. படகு பின்வாங்கிக் கடலுக்குள் போய், மறுபடி திரும்பி, மறுபடியும் தெற்கே பார்த்து வந்தது. வெள்ளை தெரியாததால் பக்கிரிக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நாற்பது வருஷமாகக் கை பழகிய வழிக்கே போகப் பார்க்கிறார். அந்த வழி இப்போது மேடு.

கொளஞ்சி சறுக்கி இறங்கினாள். கயிறு அறுக்கும் அரிவாள் வரப்பில் கிடந்தது. எடுத்து முதல் கயிற்றை அறுத்தாள்.

"ஏய், பைத்தியமாடி உனக்கு!" சேட்டு ஓடி வந்து அவள் கையைப் பிடித்தார். அவர் மூக்கின் மேல் ஒரு துளி விழுந்தது. "மழடி! மழ வந்துடுச்சு! கண்ணு தெரியுதா?"

"வுடுங்க."

"கரைஞ்சா யாரு குடுப்பா? நீ குடுப்பியா?"

"என்னால முடியாது. வுடுங்கண்ணே. என் தம்பி மேட்டுல ஏர்றான்."

"போலீசக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. அவங்க வர்றதுக்குள்ள மூடிடலாம்."

அந்தப் பக்கம் சர்ரென்று ஒரு சத்தம். ஜெயா தன் அரிவாளால் இன்னொரு கயிற்றை அறுத்துவிட்டிருந்தாள். கல்லைக் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டே, "என்னையும் சேத்து எழுதிக் குடுங்க," என்றாள். காற்று தார்பாய்க்குள் புகுந்து உப்பியது. சேட்டு கொளஞ்சியை விட்டுவிட்டுத் தார்பாயைப் பிடிக்கப் போனார், அதுவே அவரை இரண்டடி இழுத்துக்கொண்டு போனது. அந்த இழுப்பில் அவர் முகம் கிழக்கே திரும்பியது. அப்போதுதான் அவரும் படகைப் பார்த்தார்.

படகு அலையின் உச்சியில் செங்குத்தாக நின்றது. பிறகு காணவில்லை. பிறகு மறுபடி தெரிந்தது.

சேட்டுவின் பிடி தளர்ந்தது. தார்பாய் முழுவதும் கழன்று பாத்தியில் போய் விழுந்தது.

"பத்து நிமிசம்," என்றார். செல்போனை எடுத்து நேரத்தைப் பார்த்தார். "பத்தே நிமிசம். அதுக்கு மேல எவன் முழுகினாலும் மூடிடுவேன்."

சாம்பல் நிறத்துக்கு நடுவில் அம்பாரம் வெள்ளையாக எழுந்து நின்றது. மழை இன்னும் வலுக்கவில்லை, கொட்டை கொட்டையாக விழுந்தது. விழுந்த இடத்திலெல்லாம் உப்பில் சின்னச் சின்னக் குழி. கொளஞ்சி குழிகளைப் பார்க்கவில்லை. வரப்பின் ஓரத்துக்கு ஓடிப் போய் நின்றாள். படகின் மூக்கு இன்னும் தெற்கே இருந்தது.

"பாலகுரு!" என்று கத்தினாள். காற்று எதிர்க்காற்று. அவள் குரல் இருபதடிகூடப் போயிருக்காது. "பாலகுரு! பக்கிரி மாமா! இங்க பாருங்க, இங்க!"

"மூணு நிமிசம் ஆச்சு," என்றார் சேட்டு.

பக்கிரியின் உருவம் உட்கார்ந்துவிட்டது. யாரோ ஒருவன் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினான்.

"அஞ்சு."

அம்பாரத்தின் அடியிலிருந்து தண்ணீர் கோடு கோடாக வழியத் தொடங்கியது. சேட்டு குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அவர் வாயைக் கோணிக்கொண்டதை ஜெயா பார்த்தாள்.

படகில் பக்கிரி மறுபடி எழுந்தார். இந்தத் தடவை தலை ஆடவில்லை. நேராக நின்றார். ஒரு கை உயர்ந்தது, வடக்கே நீண்டது.

"பாத்துட்டாரு," என்றாள் கொளஞ்சி. "பாத்துட்டாரு, பாத்துட்டாரு."

படகின் மூக்கு திரும்பியது. பக்கவாட்டில் ஒரு அலை வந்து அறைந்தது. திரும்பியது பாதியில் நின்று, பிறகு முழுவதும் திரும்பியது. வாய்க்கு நேராக வந்தது. அந்த நேரம் பார்த்து மழை திரை போட்டது மாதிரி இறங்கியது. முகத்துவாரமும் கடலும் படகும் ஒன்றும் இல்லாமல் போயின.

"பத்து," என்றார் சேட்டு. ஆனால் தார்பாயைத் தொடவில்லை. அவரும் வரப்பில் வந்து நின்று காதைக் கொடுத்தார். மழைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

கழிமுகத்தின் உள்பக்கத்திலிருந்து ஒரு இன்ஜின் சத்தம் வந்தது. இருமி இருமி வந்தது.

"ஏய், நின்னுகிட்டு என்னா பாக்கறீங்க! புடிங்கடி!" என்று சேட்டு தார்பாயின் மேல் பாய்ந்தார்.

நனைந்த தார்பாய் கனத்தது. மூன்று பேரால் அதை உச்சிக்கு ஏற்ற முடியவில்லை. இரண்டு முறை பாதியிலேயே சரிந்து வந்தது. மூன்றாம் முறை இழுக்கும்போது தார்பாய் திடீரென்று லேசானது. மறுபக்கம் பாலகுருவும் பக்கிரியும் மருமகனும் அதைப் பிடித்திருந்தார்கள். மூன்று பேருக்கும் உடம்பு முழுக்க மணல். பாலகுருவின் புருவத்துக்கு மேல் கிழிந்து ரத்தம் மழையோடு இறங்கியது. எல்லோருமாக இழுத்து மூடிக் கல்லை வைத்தார்கள்.

பக்கிரி மூச்சு வாங்கியபடி வரப்பில் உட்கார்ந்தார். "வலை போச்சு. போவட்டும். மேட்டுல ரெண்டு தரம் தட்டிடுச்சு. இன்னொன்னு தட்டியிருந்தா முடிஞ்சுது. குதிங்கடான்னு சொல்ல வாயத் தொறக்கறேன், வெள்ளை வந்து நிக்குது." சேட்டுவைப் பார்த்துக் கும்பிட்டார். "நீதான தொறந்தே?"

"நானா? நல்லா தொறப்பேன்! உங்க ஊட்டுப் பொண்ணக் கேளு. அரிவாளத் தூக்கிக்கிட்டு நிக்குது."

பாலகுரு அக்காவைப் பார்த்தான். அவன் சிரிக்கப் போகிறான் என்று தெரிந்தது. அவன் சிரிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"எனக்குக் காலையிலயே தெரியும்டா," என்றாள். "மூடப் போறாங்கன்னு தெரிஞ்சுதான் ஓடியாந்தேன். நீ படகு தள்ளறப்ப கட்டைக்குப் பின்னால இருந்தேன். கூப்பிடல."

பாலகுருவின் முகம் மாறியது. "ஏன்க்கா?" என்றான். குரல் உயர்ந்தது. "ஏன்க்கா கூப்பிடல? மூணு உசிரு! ஒரு வார்த்த! வாய்ல என்னா வெச்சிருந்தே?"

கொளஞ்சி அவனைப் பார்க்கவில்லை. பக்கிரியைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கால் விரலிடுக்கிலிருந்து மணல் கரைந்து போய்க்கொண்டிருந்தது.

"முன்னாலயே தெரிஞ்சு நான் ஆள் அனுப்பியிருந்தாலும் அவன் எப்பிடிச் சொல்லியிருப்பான்?" என்றார் சேட்டு, தார்பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டே. "உங்க ஊர்லதான் கெளம்பறப்ப எதிர்ல வரக் கூடாது, பின்னால கூப்பிடக் கூடாது, எங்க போறேன்னு கேக்கக் கூடாது. மேல பறந்து வந்தா சொல்லணும்?"

ஜெயா பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மருமகனுக்கும் சிரிப்பு வந்தது. பாலகுருவுக்கு வரவில்லை.

"டேய், அவளக் கேக்காத," என்றார் பக்கிரி. "அன்னிக்குப் பந்தல்ல நான் பேசினது. அத வெச்சிக்கிட்டுத்தான் அவ வாய மூடிக்கிட்டிருக்கா."

மழை தார்பாயில் படபடவென்று அடித்தது. பக்கிரி அவள் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கு நீ கூப்பிட்டிருந்தா என்னா பண்ணியிருப்பேன் தெரியுமா கொளஞ்சி? சகுனம் கெட்டுச்சுன்னு உன்ன நாலு திட்டு திட்டிட்டு, படகக் கட்டிட்டு, ஊட்டுல போயி படுத்திருப்பேன்." பல்லைக் காட்டாமல் சிரித்தார். "வலையும் இருந்திருக்கும், இவன் மண்டையும் ஒடஞ்சிருக்காது."

"திட்டு எனக்குப் புதுசா மாமா?" என்றாள் கொளஞ்சி. வரப்பில் உட்கார்ந்தாள். "வாங்கியிருப்பேன்."

பாலகுரு அவள் பக்கத்தில் வரவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று புருவத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டிருந்தான். அவன் கோபம் இன்றோ நாளையோ தணியாது என்று அவளுக்குத் தெரியும். உயிரோடு நின்று கோபப்படுகிறான், அது போதும் என்று இருந்தது.

"பேசினது போதும்," என்று சேட்டு கத்தினார். "இந்தப் பக்கம் இன்னும் ரெண்டு கல்லு வேணும். காத்து தூக்குது."

முதலில் எழுந்தவர் பக்கிரி.